தள்ளாமையும் மறதியும்: முதியோரின் உடல் வலுவும் மூளை நலமும்

முதுமையில் உடல் வலுவிழப்பதும் நினைவு தளர்வதும் பெரும்பாலும் கைகோத்தே வருகின்றன. நடை தளர்ந்தவர்களில் பலருக்குச் சில ஆண்டுகளில் மறதி கூடுகிறது. மறதி தொடங்கியவர் நேரத்துக்குச் சாப்பிடாமலும் வெளியே போகாமலும் இருந்து மெலிந்துபோகிறார். "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று இரண்டையும் விட்டுவிடுவதே வழக்கம். ஆனால் தொடக்கத்திலேயே கண்டுகொண்டால் தள்ளாமையைக் குறைக்க முடியும். அதைக் குறைப்பது மூளையின் நலத்துக்கும் துணை செய்கிறது. மேல்மலையனூர், செஞ்சி வட்டாரக் குடும்பங்கள் வீட்டிலேயே எதைக் கவனிக்கலாம், எதைச் செய்யலாம், எப்போது மருத்துவரிடம் போக வேண்டும் என்பவை இந்த அத்தியாயத்தில் வரிசையாக வருகின்றன.

தள்ளாமை என்பது என்ன

தள்ளாமையும் வயதும் ஒன்றல்ல. எண்பது வயதில் கடலைக் கொல்லையில் களை எடுப்பவரும் உண்டு, அறுபத்தைந்தில் கட்டிலை விட்டு எழச் சிரமப்படுபவரும் உண்டு. உடலின் பல உறுப்புகளிலும் சேமிப்பாக இருக்கும் திறன் ஒரே காலத்தில் குறைந்து, சிறிய இடரைக்கூடத் தாங்க முடியாமல் போகும் நிலையே தள்ளாமை. வலுவுள்ள முதியவர் மூன்று நாள் காய்ச்சலில் படுத்தாலும் ஒரு வாரத்தில் எழுந்து நடமாடுவார். தள்ளாமை உள்ளவர் அதே காய்ச்சலுக்குப் பிறகு பழைய நிலைக்குத் திரும்பாமலே போகலாம்.

அமெரிக்க மருத்துவர் லிண்டா ஃப்ரீட் குழுவினர் 2001-இல் வகுத்த ஐந்து அடையாளங்கள் இன்றும் உலகெங்கும் பயன்படுகின்றன:

1. முயற்சி எதுவும் செய்யாமலே ஓராண்டில் நாலரை கிலோ அல்லது உடல் எடையில் 5 விழுக்காடு குறைதல்.
2. எதைச் செய்தாலும் "முடியல" என்னும் சோர்வு.
3. கைப்பிடி வலு குறைதல்.
4. நடை வேகம் குறைதல்.
5. அன்றாட உடலுழைப்பு குறைதல்.

மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் தள்ளாமை. ஒன்றோ இரண்டோ இருந்தால் அதற்கு முந்தைய நிலை. முயற்சிக்கு அதிகப் பலன் கிடைப்பது இந்த முந்தைய நிலையில்தான்.

உடலுக்கும் நினைவுக்கும் உள்ள தொடர்பு

முதுமையியல் வல்லுநர்களின் பன்னாட்டுக் குழு ஒன்று 2013-இல், உடல் தள்ளாமையும் லேசான அறிவுத்திறன் குறைவும் ஒருவரிடம் சேர்ந்திருந்து, டிமென்ஷியா எனப்படும் மறதிநோய் இன்னும் வராத நிலைக்குத் தனிப்பெயரும் வரையறையும் கொடுத்தது. அதைத் தமிழில் அறிவுத் தள்ளாமை எனலாம். அதே ஆண்டில் நியூயார்க்கில் நரம்பியல் மருத்துவர் ஜோ வர்கீஸ் இன்னும் எளிய ஓர் அடையாளத்தை விவரித்தார்: நடை மெதுவாகி, "ஞாபகம் தவறுது" என்று முதியவரே சொல்லத் தொடங்குவது. இந்த இரண்டும் சேர்ந்திருப்பவர்களுக்கு டிமென்ஷியா வரும் வாய்ப்பு கூடுதல் என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் உறுதிசெய்தன. கேரளத்தின் கோழிக்கோட்டிலும் அவர் குழுவின் ஆய்வு நடந்துள்ளது. இதைக் கண்டறிய விலை உயர்ந்த ஸ்கேன் தேவையில்லை, கடிகாரமும் நாலு கேள்வியும் போதும். ஆகவே கிராமப்புறத்துக்கு இது மிகவும் பொருந்துகிறது.

அமெரிக்காவின் சிகாகோவில் முதியவர்களைப் பல்லாண்டு பின்தொடர்ந்து, அவர்கள் இறந்த பிறகு மூளையையும் ஆராய்ந்த திட்டம் ஒன்று உண்டு. அதன் தரவுகளைக் கொண்டு 2019-இல் வெளியான ஆய்வு, மூளையில் அல்ஸைமர் நோயின் தடங்கள் ஒரே அளவில் இருந்தாலும், தள்ளாமை மிகுந்தவர்களிடமே டிமென்ஷியா கூடுதலாக வெளிப்பட்டதைக் காட்டியது. மூளையில் நோய் தொடங்கிவிட்டாலும், உடல் வலுவாக இருப்பவர் அதை நீண்டகாலம் தாங்கி நிற்கக்கூடும் என்பது இதிலிருந்து கிடைக்கும் நம்பிக்கை.

இந்தியாவில் இது சிறிய சிக்கல் அல்ல. நாடு தழுவிய முதுமை ஆய்வின் தரவுகளைக் கொண்டு 2023-இல் வெளியான மதிப்பீட்டின்படி, 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கிறது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரங்களைவிடக் கிராமங்களிலும் இது கூடுதல்.

ஏன் இரண்டும் சேர்ந்து வருகின்றன

முதற்காரணம் இரத்தக்குழாய்கள். கட்டுப்படாத இரத்த அழுத்தமும் சர்க்கரையும் மூளையின் நுண்ணிய குழாய்களை மெல்ல அடைக்கின்றன. அடிகளைச் சீராக எடுத்துவைக்கவும், யோசித்து முடிவெடுக்கவும் தேவைப்படும் நரம்புப் பாதைகள் இந்தக் குழாய்களை நம்பியே இருக்கின்றன. எனவே நடையும் சிந்தனையும் ஒருசேர மந்தமாகின்றன. நடந்துகொண்டே பேசச் சொன்னால் சில முதியவர்கள் நின்றுவிட்டுப் பேசுவது இதனால்தான். நடப்பதற்கே மூளையின் முழுக் கவனமும் தேவைப்படுகிறது.

இரண்டாவது காரணம் தசை இழப்பு. உடலின் சர்க்கரையைப் பெருமளவு உள்வாங்கிப் பயன்படுத்துவது தசை. உழைக்கும் தசை மூளைக்கு நன்மை தரும் வேதிப்பொருள்களையும் இரத்தத்தில் கலக்கிறது. தசை கரைந்தால் சர்க்கரைக் கட்டுப்பாடு கெடுகிறது, உடலில் நாள்பட்ட அழற்சி கூடுகிறது. இரண்டுமே மூளையைப் பாதிப்பவை.

மூன்றாவது உணவு. புரதமும் பி12 வைட்டமினும் இரும்பும் குறைந்தால் கால் வலுவும் நினைவும் சேர்ந்தே குறைகின்றன. நான்காவது தனிமையும் மனச்சோர்வும். துணையை இழந்தவர், பிள்ளைகள் சென்னைக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போய்விட்டவர், காது கேளாததால் பேச்சில் கலந்துகொள்ளாதவர் ஆகியோர் நடப்பதும் குறைகிறது, மூளைக்கு வேலையும் குறைகிறது.

இப்பகுதியில் இது எப்படித் தெரியவரும்

செஞ்சி, மேல்மலையனூர் வட்டங்கள் வேளாண்மையை நம்பிய பகுதிகள். முதியவர்களில் பெரும்பாலோர் வாழ்நாள் முழுவதும் உடலால் உழைத்தவர்கள். ஆகவே உழைப்பு எப்போது நின்றது என்பதே இங்கு முதல் அறிகுறி. நூறு நாள் வேலைக்குப் போவதை நிறுத்துவது, கடலை உரிக்க உட்கார்ந்தவர் சிறிது நேரத்தில் ஓய்ந்துபோவது, தரையில் உட்கார்ந்து எழும்போது கைகொடுக்க ஆள் தேடுவது, மாதந்தோறும் அமாவாசை இரவில் அங்காளம்மன் கோயில் ஊஞ்சல் உற்சவத்துக்குப் போய்வந்தவர் "அந்தக் கூட்டத்துல கால் நிக்காது" என்று நின்றுவிடுவது, இவையெல்லாம் கவனிக்க வேண்டியவை.

நினைவுப் பக்கத்தில், ஓய்வூதியப் பணத்தை எண்ணுவதில் தடுமாற்றம், ஒரே மாத்திரையை இருமுறை போட்டுக்கொள்வது, அடுப்பை அணைக்க மறப்பது, ஏறவேண்டிய பேருந்தைக் குழப்பிக்கொள்வது, சொன்னதையே திரும்பச் சொல்வது ஆகியவை அடையாளங்கள். ஒரு பெயர் உடனே நினைவுக்கு வராமல் பிறகு வருவது இயல்பு. பல ஆண்டு செய்துவந்த வேலையின் வரிசையே குழம்புவது இயல்பல்ல.

இவை தாமதமாகவே கண்ணில் படுவதற்கு ஒரு காரணம் குடும்பத்தின் அன்பு. "நீ உக்காரும்மா, நாங்க பாத்துக்குறோம்" என்று எல்லா வேலையையும் பிள்ளைகள் வாங்கிக்கொள்ளும்போது குறை மறைந்துவிடுகிறது, மேலும் வேகமாக வளரவும் செய்கிறது. முதியவர்கள் முழுப் படுக்கையில் இருக்கும் சில நாட்களிலேயே காலின் தசை வலு கண்கூடாகக் குறையும்.

வீட்டில் செய்துபார்க்கும் சோதனைகள்

உலக சுகாதார நிறுவனத்தின் முதியோர் பராமரிப்பு வழிகாட்டியும் ஆசிய நாடுகளின் தசை இழப்பு ஆய்வுக் குழுவும் பரிந்துரைப்பவற்றிலிருந்து வீட்டில் செய்யத்தக்கவை கீழே. பக்கத்தில் ஒருவர் துணைக்கு நிற்க வேண்டும். நிற்கவே தடுமாறுபவருக்கு முதல் இரண்டையும் செய்யக்கூடாது.

நாற்காலிச் சோதனை: நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்ல வேண்டும். 14 நொடிக்குள் முடிக்க முடியாவிட்டால் கால் வலு குறைந்திருக்கிறது.

நடைச் சோதனை: தெருவிலோ தாழ்வாரத்திலோ 4 மீட்டர் தூரத்தைச் சுண்ணாம்பால் குறித்துக்கொள்ளலாம். கோட்டுக்குச் சற்று முன்பிருந்தே வழக்கமான வேகத்தில் நடந்துவரச் சொல்லி, இரு கோடுகளுக்கு இடையிலான நேரத்தை மட்டும் பார்க்க வேண்டும். 4 நொடிக்கு மேல் ஆனால் நடை மெதுவாகியிருக்கிறது. 5 நொடியைத் தாண்டினால் கட்டாயம் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கெண்டைக்கால் அளவு: தையல் டேப்பால் கெண்டைக்காலின் பருத்த இடத்தை அளக்க வேண்டும். ஆண்களுக்கு 34 செ.மீ., பெண்களுக்கு 33 செ.மீ. அளவுக்குக் கீழே போனால் தசை இழப்பு இருக்கலாம்.

எடை: மாதம் ஒருமுறை ஒரே எடைக்கருவியில் பார்த்துக் குறித்துவைக்க வேண்டும். மூன்று மாதத்தில் 3 கிலோவுக்கு மேல் குறைந்தால், அல்லது பசி கெட்டுப்போனால், காரணம் தேட வேண்டும்.

நினைவு: பூ, கதவு, அரிசி என்பதுபோல மூன்று எளிய சொற்களைச் சொல்லி, திரும்பச் சொல்லச் செய்ய வேண்டும். இன்று என்ன கிழமை, இப்போது இருப்பது எந்த ஊர் என்று கேட்டுவிட்டு, மீண்டும் அந்த மூன்று சொற்களையும் கேட்க வேண்டும். மூன்றும் வராவிட்டாலோ நாளும் இடமும் தவறினாலோ முறையான பரிசோதனை தேவை.

பள்ளிக்குப் போகாதவர்களிடம் எழுதச் சொல்லும், கணக்குப் போடச் சொல்லும் சோதனைகள் தவறான முடிவைத் தரும். அரியானாவின் பல்லப்கரில் எழுதப் படிக்கத் தெரியாத முதியவர்களுக்காகத் தனிச் சோதனை உருவாக்கப்பட்டது இதனால்தான். சென்னையும் இடம்பெற்ற 10/66 என்னும் பன்னாட்டு ஆய்வும் கல்வி வேறுபாடு முடிவைத் திரிக்காத முறைகளையே தேடியது. ஆங்கிலத் தேதி தெரியாதவரிடம் போன அமாவாசை எப்போது வந்தது, இது என்ன மாதம், கொல்லையில் இப்போது என்ன பயிர் என்று கேட்பதே நியாயமான கேள்வி.

திருத்தக்கூடிய காரணங்கள்

சோதனையில் குறை தெரிந்தால் உடனே அதை டிமென்ஷியா என்று முடிவு கட்டக்கூடாது. உடலையும் நினைவையும் ஒருசேரத் தளர்த்தி, சிகிச்சையால் சரியாகக்கூடிய காரணங்கள் பல உண்டு. மருத்துவரிடம் பின்வருவனவற்றைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

இரத்தசோகை, தைராய்டு குறைவு, பி12 குறைவு ஆகிய மூன்றையும் எளிய இரத்தப் பரிசோதனையில் அறியலாம். சைவ உணவுக்காரர்களுக்கும், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல ஆண்டு சாப்பிடுபவர்களுக்கும் பி12 குறைய வாய்ப்பு கூடுதல். இரத்தத்தில் சோடியம் குறைந்தாலும் குழப்பமும் தள்ளாட்டமும் வரும். மனச்சோர்வு முதியவர்களிடம் அழுகையாக வெளிப்படாமல், பசியின்மையாகவும் மறதியாகவும் "எதுலயும் பிடிப்பில்ல" என்ற பேச்சாகவும் வெளிப்படுவதுண்டு.

மருந்துகளையும் பார்க்க வேண்டும். தூக்க மாத்திரை, மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் சளி மாத்திரைகளில் சில, அளவு மிஞ்சிய சர்க்கரை மருந்து, எழுந்ததும் தலைசுற்ற வைக்கும் அளவு அழுத்த மருந்து ஆகியவை நினைவையும் நடையையும் கெடுக்கும். வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் காட்டுவது நல்ல பழக்கம். எதையும் தானாக நிறுத்தக்கூடாது.

காதும் கண்ணும் அடுத்தவை. டிமென்ஷியா பற்றிய லான்செட் ஆணையம் 2024-இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் 45 விழுக்காடு டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்புண்டு என்றது. அதற்கான 14 காரணிகளில் கேளாமை, பார்வைக் குறைவு, உடலுழைப்பின்மை, சர்க்கரை, இரத்த அழுத்தம், புகைபிடித்தல், மிகுதியான குடி, தனிமை ஆகியவை அடக்கம். கண்புரை அறுவை சிகிச்சையும் காதுக்கருவியும் மூளைக்கும் செய்யும் உதவிகள்.

ஓர் எச்சரிக்கை. ஓரிரு நாளில் திடீரென்று குழப்பம், பிதற்றல், அரைமயக்கம் வந்தால் அது மறதிநோய் அல்ல. சிறுநீர்த் தொற்று, நிமோனியா, சர்க்கரை தாழ்தல், பக்கவாதம் போன்ற அவசரநிலையாக இருக்கலாம். உடனே 108 ஆம்புலன்சை அழைக்க வேண்டும்.

வலுவை மீட்கும் வழிகள்

முதல் மருந்து அசைவு. 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்துக்கு 150 நிமிடமாவது சுறுசுறுப்பாக நடப்பது போன்ற உழைப்பும், வாரம் இரு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும், மூன்று நாள் சமநிலைப் பயிற்சியும் செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தள்ளாமை உள்ளவர்களுக்கு நடை மட்டும் போதாது, வலுப்பயிற்சியே முதன்மை. நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதைப் பத்துப்பத்து முறையாக நாளுக்கு மூன்று வேளை, திண்ணையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது, அரை லிட்டர் தண்ணீர்ப் புட்டியைக் கையில் பிடித்துத் தூக்குவது, சுவரோரம் ஒற்றைக்காலில் சில நொடிகள் நிற்பது போன்றவற்றில் தொடங்கி மெல்லக் கூட்டலாம். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், அண்மையில் எலும்பு முறிவு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும்.

இரண்டாவது உணவு. சாதமும் குழம்பும் ரசமும் வயிற்றை நிரப்பும், ஆனால் தசைக்குப் போதாது. நல்ல உடல்நிலையிலுள்ள முதியவருக்கும் ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும் என்பது வல்லுநர்களின் பரிந்துரை. 50 கிலோ எடையுள்ளவருக்கு 50 முதல் 60 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் ஏறத்தாழ 6 கிராம், கையளவு வேர்க்கடலையில் (30 கிராம்) 7 கிராமுக்கு மேல், ஒரு கிண்ணம் சுண்டலில் ஏறத்தாழ 6 கிராம் கிடைக்கும். மீதம் சோற்றிலும் பருப்பிலும் வந்துவிடும். வேர்க்கடலை இந்த மண்ணிலேயே விளைகிறது. பல் இல்லாதவர்களுக்கு அதை அவித்து மசித்தோ பொடியாக்கியோ கொடுக்கலாம். மோர் கலந்த கேழ்வரகுக் கூழும், உளுந்தங்களியும், முருங்கைக்கீரைப் பருப்புக் கூட்டும் பழகிய சுவையிலேயே சத்து தருபவை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் புரத அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, அழுத்தமும் சர்க்கரையும். இரத்த அழுத்தத்தை நன்கு கட்டுப்படுத்தியவர்களுக்கு லேசான அறிவுத்திறன் குறைவு வருவது குறைந்ததை அமெரிக்காவில் 2019-இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. தள்ளாமை மிகுந்தவர்களுக்கு எந்த அளவு சரி என்பதை மருத்துவரே முடிவுசெய்ய வேண்டும்.

நான்காவது, மூளைக்கு வேலையும் மனிதரோடு கலப்பதும். பின்லாந்தில் 60 முதல் 77 வயது வரையிலான 1,260 பேரிடம் ஈராண்டு நடந்து 2015-இல் வெளியான ஆய்வில், உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, இரத்த அழுத்தம் போன்றவற்றின் கண்காணிப்பு ஆகியவற்றைச் சேர்த்துச் செய்தவர்களின் அறிவுத்திறன் மேலாக இருந்தது. உடற்பயிற்சியை மட்டும் கொடுத்த சில ஆய்வுகளில் நினைவுக்கு அத்தகைய பலன் தெரியவில்லை. எனவே எல்லாம் சேர்ந்து நடக்க வேண்டும். காய்கறிக் கணக்கைப் பார்ப்பது, பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொல்வது, பல்லாங்குழி, தாயம் ஆடுவது, சந்தைக்கும் கோயிலுக்கும் துணையோடு போய்வருவது ஆகியவை நடையையும் நினைவையும் பேச்சையும் ஒருங்கே பயன்படுத்துபவை.

ஐந்தாவது, விழாமல் காப்பது. குளியலறையிலும் கழிப்பறையிலும் கைப்பிடி, இரவில் விளக்கு, ஈரமில்லாத தரை, பிடிப்புள்ள செருப்பு இவை போதும். இடுப்பு எலும்பு ஒருமுறை முறிந்தால் பல முதியவர்கள் பழைய நடையைத் திரும்பப் பெறுவதில்லை. விழுந்துவிடுவார் என்று அஞ்சி உட்காரவைத்தால் கால் மேலும் தளர்ந்து விழும் வாய்ப்பே கூடும்.

மறதிநோய் முற்றியவர்களுக்கும் இவை பொருந்தும். அவர்களுக்கு ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டும் சொல்லி, கூடவே இருந்து செய்யவைக்க வேண்டும். மறந்ததற்காகக் கடிந்துகொள்வது பயனற்றது.

உதவி கிடைக்கும் இடங்கள்

2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், அழுத்தம், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. இயன்முறை சிகிச்சையும் படுக்கையில் உள்ளோருக்கான பராமரிப்பும் அதில் உண்டு. நடை தளர்ந்ததையும் மறதியையும் வீட்டுக்கு வரும் தன்னார்வலரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவருக்குத் தெரியாது.

ஆரம்ப சுகாதார நிலையம், செஞ்சி அரசு மருத்துவமனை ஆகியவை முதற்படி. மேல் பரிசோதனைக்கு முண்டியம்பாக்கத்திலுள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர் ஆகியவை எட்டும் தொலைவில் உள்ளன. முதியோருக்கென்றே அமைந்த தேசிய முதியோர் நல மருத்துவமனை சென்னை கிண்டியில் 2024 முதல் இயங்குகிறது. மூத்த குடிமக்களுக்கான கட்டணமில்லா உதவி எண் 14567.

முதியவரை உட்காரவைத்துச் சோறு போடுவதோடு குடும்பத்தின் கடமை முடிந்துவிடுவதில்லை. அவரால் இயலும் வேலையை அவரையே செய்யவிட்டு, தட்டில் பருப்பும் முட்டையும் கூட்டி, நாள்தோறும் அவரோடு கொஞ்ச தூரம் நடப்பதே சரியான பராமரிப்பு. அறுபதைக் கடந்தவர் உள்ள ஒவ்வொரு வீட்டிலும் நாற்காலிச் சோதனையையும் மூன்று சொல் சோதனையையும் இந்த வாரமே செய்துபார்த்து, முடிவைத் தேதியிட்டு எழுதிவையுங்கள். ஆறு மாதம் கழித்து மீண்டும் செய்யும்போது ஒப்பிட்டுப் பார்க்க அந்தக் குறிப்பு உதவும்.